560 யூனிட், 78,000 மானியம், 25 ரூபா மண்ணெண்ணெய்: வீட்டுக்கு சோலார் வைக்கவா வேண்டாமா?

வள்ளக்காரன் வீட்டம்மா, குளச்சல் (9 நவம்பர் 2025)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கிடுங்க.

மூத்தவளை ஏழாம் மாசம் கூட்டிட்டு வந்தோம், ஜூன் பாதியில. ஆகஸ்ட் கடைசியில பேரன் பிறந்தான். அவ வந்ததும் அவ அப்பா ஒண்ணரை டன் ஏசி வாங்கி மாட்டினாரு. கடலுக்குப் போறவரு, வீட்டுல இருக்க ராத்திரி குறைவு. ஆனா ஏசி ராத்திரி முழுக்க ஓடுது.

ஏசி வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 350, 380 யூனிட்தான் வரும். ஆகஸ்ட்டுல 490 வந்துச்சு, 1,742 ரூபா கட்டினேன். அக்டோபர்ல 560. பில் 2,598. நான் எட்டாம் கிளாஸ் வரைதான் படிச்சேன், ஆனா மீன் ஏலத்துல நின்னவ, கணக்கு விடமாட்டேன். 70 யூனிட் கூடுனதுக்கு 856 ரூபா! யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல வருது. ஈபி ஆபீஸ்ல கேட்டா "ஸ்லாப் மாறிட்டும்மா"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டாவ.

போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு பையன் பைக்ல வந்தான். சோலார் கம்பெனியாம். மாடியைப் பாத்துட்டு 3 கிலோவாட் போடணும், 1,95,000 ஆகும், 78,000 கவர்ன்மென்ட் தரும்னு சொன்னான். "நீங்க 1,17,000 மட்டும் தாங்க சேச்சி, மானியத்தை நாங்க வாங்கிக்கிடுவோம், செக் ஒண்ணு கையெழுத்து போட்டுத் தந்தா போதும்"னான். எனக்கு அந்த செக்குதான் இடிக்கி.

இதுல வேற குழப்பமும் இருக்கு. ஈபி கார்டு செத்துப்போன எங்க மாமியார் பேர்ல கிடக்கு. மாமாவுக்கு, அதான் என் மாமனாருக்கு, பயம் என்னன்னா, வீட்டுல சோலார் வச்சா "இவனுக்கு வசதி இருக்கு"ன்னு வள்ளத்துக்கு வர்ற மண்ணெண்ணெயை நிப்பாட்டிருவாங்கன்னு. எங்களுக்கு ரெண்டு எஞ்சின். மானிய மண்ணெண்ணெய் லிட்டர் 25 ரூபா. அது இல்லாட்டி எஞ்சினைக் கழத்தி வித்துர வேண்டியதுதான். கொழுந்தன் ஒருத்தர் இருக்காரு, எதுக்கெடுத்தாலும் அரசியல் பேசுவாரு. "ஒரு கையால மண்ணெண்ணெய்க்கு மானியம், இன்னொரு கையால வெயிலுக்கு மானியம், இந்த கவர்ன்மென்ட்டுக்கு என்னதான் வேணும்?"னு கேக்காரு. சிரிப்பு வந்தாலும் பதில் தெரியல்ல.

78,000 உண்மையிலேயே வருமா? 100 யூனிட் இலவசம் போயிருமா? கடற்கரையில துரு பிடிக்காதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய போர்மேன், தக்கலை (9 நவம்பர் 2025)

தங்கச்சி, ஆபீஸ்ல ஒரு வார்த்தையில முடிச்சதை நான் விரிச்சுச் சொல்லுதேன். 31 வருஷம் அந்தக் கம்பத்துலதான் ஏறி இறங்குனேன்.

ரெண்டு மாசத்துக்கு 500 வரைக்கும் ஒரு கணக்கு, 500-ஐ ஒரு யூனிட் தாண்டினா வேற கணக்கு. 500-க்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35, அடுத்த 200 யூனிட் 4.70, கடைசி 100 யூனிட் 6.30. மொத்தம் 1,805 ரூபா. தாண்டிட்டா முதல் 100 மட்டும் இலவசமா நிக்கும். 101-ல இருந்து 400 வரைக்கும் 4.80 ஆயிரும், அதுக்கு மேல 6.45, 500-க்கு மேல 8.55. அதாவது 2.35-க்கு வாங்கின அந்த நூறு யூனிட்டுக்கும் சேத்து பின்னோக்கி விலை ஏறும். உங்க 856 ரூபாயில இதுதான் ஒளிஞ்சிருக்கு. அந்தப் பையன் சொன்ன மானியம் உங்களுக்குத் தெரிஞ்சுது. 500-க்குள்ள இருக்கும்போது மாநில அரசு உங்களுக்குப் பதிலா மின் வாரியத்துக்குக் கட்டிட்டிருந்த மானியம் தெரியல்ல. பில்லுல கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கும், யாரும் பாக்கமாட்டாவ.

இப்ப மத்திய அரசு மானியம். பிரதமர் சூர்யகர் திட்டம், 2024 பிப்ரவரியில வந்தது. முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000. மூணாவதுக்கு 18,000. அதோட முடிஞ்சுது, 5 கிலோவாட் போட்டாலும் 78,000தான். பணம் விண்ணப்பிச்சவங்க பேங்க் கணக்குக்கு நேரா வரும், வேலை முடிஞ்சு, ரெண்டு பக்கமும் ஓடுத மீட்டர் மாட்டி, வாரியம் சரின்னு சொன்னதுக்கு அப்புறம். கம்பெனிக்காரன் கைக்கு வர வழியே கிடையாது. அதனாலதான் செக் கேக்கான். செக் குடுக்காதிய. கையில பணம் இல்லேன்னா இதுக்குன்னே பேங்க் கடன் உண்டு, 3 கிலோவாட் வரைக்கும் ஈடு கேக்க மாட்டாவ.

கார்டு பேரை மொதல்ல மாத்துங்க. செத்தவங்க பேர்ல விண்ணப்பிச்சா மானியம் எந்தக் கணக்குக்கு வரும்?

அப்புறம் ஒரு விஷயம், அவன் சொல்லமாட்டான். கொட்டேஷன்ல ஜிஎஸ்டி எத்தனை போட்டிருக்குன்னு பாருங்க. செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு 12-ல இருந்து 5 சதவீதமா இறக்கியாச்சு. பொருள் 70 பங்கு, வேலை 30 பங்குன்னு பிரிச்சுப் போடுவாங்க, அதுல வேலைக்கு 18 சதவீதம். ரெண்டும் சேந்து முன்னாடி 13.8, இப்ப 8.9. அவன் பழைய 13.8 போட்டு 1,95,000 சொல்லியிருந்தா எட்டாயிரத்துச் சொச்சம் கூடுதலாக் கேக்கான்.

---

முட்டம் மேட்டுத்தெரு (10 நவம்பர் 2025)

அக்கா, நான் 2 கிலோவாட் போட்டு ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. எங்க வீடு கடல்ல இருந்து கூப்பிடு தூரம். அனுபவத்தைச் சொல்லுறேன்.

மானியம் வந்துச்சு, மீட்டர் மாட்டி ஒரு மாசத்துக்குள்ள. அதுல குறை இல்ல. துருதான் எங்களுக்கு ஏமாத்தமாப் போச்சு. பேனல் ஃபிரேம் அலுமினியம், அதுக்கு ஒண்ணும் ஆகல. கீழ நிக்கிற கம்பி ஸ்டாண்டு, வெல்டிங் பண்ணி மேல சில்வர் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டான். ஏழு மாசத்துல வெல்டிங் வச்ச இடமெல்லாம் பூத்துப்போச்சு. வெல்டிங் எல்லாம் முடிச்சு, அப்புறம் துத்தநாகத்துல முக்கி எடுத்த கம்பிதான் நம்ம ஊருக்கு. போல்ட்டு நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஸ்எஸ் ஸ்டீல். கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க, வாய்ப்பேச்சு வேண்டாம்.

இன்னொண்ணு. பக்கத்து வீட்டுத் தென்னை எங்க மாடிப்பக்கம் சாஞ்சு நிக்கும். சாயந்திரம் மூணு மணிக்கு அந்த ஓலை நிழல் ஒரே ஒரு பேனல்ல விழும். ஒண்ணுலதானேன்னு விட்டேன். பேனல் எல்லாம் வரிசையா ஒரே வயர்ல கோத்திருக்கதால அந்த ஒண்ணு எல்லாத்தையும் இழுத்துப் போடுது. அந்த அண்ணன் தென்னையை வெட்ட மாட்டாரு, நானும் கேக்க மாட்டேன். அதைவிட, மட்டை விழுந்தா பேனல் கதி என்னன்னு நெனச்சா ராத்திரி காத்துல தூக்கம் வரமாட்டேங்குது.

100 யூனிட் பத்திக் கேட்டிய. நெட் மீட்டர்ல நாம எடுத்ததுல இருந்து குடுத்ததைக் கழிச்சு மிச்சத்துக்குத்தான் பில். போன தடவை எனக்கு மிச்சம் 64 யூனிட், கட்ட வேண்டியது ஒண்ணும் இல்ல.

ஒக்கி புயல் மாதிரி வந்தா சோலார் இருக்குன்னு இருந்துராதிய. ஈபி லைன் போனா இதுவும் நின்னுரும். லைன்ல வேலை பாக்கவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காவ. பேட்டரி வச்சது வேற, விலையும் வேற.

---

காத்தாடிக்காரன், ஆரல்வாய்மொழி (10 நவம்பர் 2025)

நான் சோலார் ஆளு இல்ல. முப்பந்தல் பக்கம் காத்துல கரண்ட் எடுக்கிற காத்தாடி மிஷின்ல 22 வருஷம் வேலை. ஆனா உங்க கொழுந்தன் கேட்ட கேள்விக்கு எங்க ஊருல ஒரு பதில் வரிசையா நிக்குது, வந்து பாக்கச் சொல்லுங்க.

தொண்ணூறுகள்ல காத்தாடி வச்சா போட்ட காசு முழுசையும் முதல் வருஷமே தேய்மானமா, அதாவது வருமானத்துல கழிக்கிற செலவாக் காட்டலாம்னு வருமான வரியில சலுகை இருந்துச்சு. 100 சதவீதம். சும்மா ஒரு கணக்குக்கு, வரி 40 சதவீதம்னு வைங்க. ஒரு கோடிக்கு மிஷின் வச்ச முதலாளிக்கு அந்த வருஷமே 40 லட்சம் வரி மிச்சம். பத்து பதினஞ்சு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா கழிக்க வேண்டியதை ஒரே நாளுல கழிச்சுக்கலாம். கோயம்புத்தூர், திருப்பூர்ல இருந்து மில்லுக்காரங்க, சினிமாக்காரங்க எல்லாம் வந்து வச்சாங்க. அதுல பல பேரு மிஷினை நேருல பாத்ததே கிடையாது.

இதுல வேடிக்கை, வருஷத்துல 180 நாளாவது ஓடியிருந்தாத்தான் முழுத் தேய்மானம், அதுக்குக் குறைஞ்சா பாதி. அதனால செப்டம்பர் கடைசிக்குள்ள ஓட்டிக் காட்டணும்னு ராவும் பகலும் வேலை நடக்கும். கிரேன் வாடகை ரெண்டு மடங்கு ஆகும். நம்ம மலைக்கணவாயில காத்து எப்ப அடிக்கும்? மே கடைசியில தொடங்கி செப்டம்பர் வரைக்கும். அதாவது காத்து ஓயுற நேரத்துல மிஷின் ஓடத் தொடங்கும். ஆடிட்டருக்கு வேண்டியது தேதி, காத்து இல்ல.

இன்னும் அந்தக் காலத்து 225, 250 கிலோவாட் சின்ன மிஷின் எத்தனையோ நிக்குது. நல்ல காத்து வர்ற முன்வரிசை இடத்தைப் பிடிச்சிட்டு நிக்குது. இப்ப வர்ற ஒரு மிஷின் அதுல பத்து மிஷின் வேலை செய்யும். பழசைக் கழத்திட்டு புதுசு வைக்க 2024-ல மாநில அரசு தனிக் கொள்கையே போட்டிருக்கு.

2009 டிசம்பர்ல வேற மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க, மிஷின் வச்சதுக்கு இல்ல, உண்டாக்குன ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. அப்பத்தான் முதலாளிமாரு போன் போட்டு "இன்னைக்கு எத்தனை யூனிட்டுடா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் எங்களுக்கு வந்த போன் எல்லாம் "ஆடிட்டர் பேப்பர் கேக்காரு"ன்னுதான். தேய்மானச் சலுகை நடுவுல 80 ஆச்சு. 2012 ஏப்ரல்ல அதையும் எடுத்தாங்க, நாடு முழுக்க புதுக் காத்தாடி அந்த வருஷம் பாதிக்குப் பாதி ஆயிருச்சு. எங்க கூட வேலை பாத்த பையங்க பல பேரு துபாய் போனாங்க. 2014-ல திரும்பக் கொடுத்தாங்க. 2017 ஏப்ரல்ல இருந்து 40.

அதனால அக்கா, 78,000 கிடைக்குதேன்னு 3 கிலோவாட் போடாதிய. எங்க மலையடிவாரம் பூரா அப்படி வச்சதுதான்.

---

ரப்பர்பால், குலசேகரம் (11 நவம்பர் 2025)

எல்லாரும் பாவம் பாவம்னு எழுதுறீங்க. நான் கசப்பாத்தான் எழுதுவேன். வள்ளத்துக்கு 25 ரூபாய்க்கு மண்ணெண்ணெய், விசைப்படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல், நாஞ்சில் நாட்டுப் பம்புசெட்டுக்கு 1990-ல இருந்து இலவச கரண்ட். இப்ப ஏசி வச்சவங்களுக்கு சோலார். நான் ரப்பர் பால் எடுக்க காலையில மூணு மணிக்கு பைக்ல போறேன், மழை பெஞ்சா அன்னைக்கு வேலையும் இல்ல. என் பெட்ரோல்ல மத்திய கலால், மாநில வாட் ரெண்டையும் கட்டிட்டுப் போறேன். என் வரியில அவங்க மீன் பிடிக்காங்க. அந்த மீனை நூறு ரூபாய்க்கு நாலுதான் தாறாங்க.

---

வள்ளக்காரன் வீட்டம்மா, குளச்சல் (11 நவம்பர் 2025)

அண்ணே, கோவம் நியாயம். ஆனா கணக்கு முழுசாக் கேளுங்க. 25 ரூபா மண்ணெண்ணெய் வருஷத்துக்கு 3,700 லிட்டர். முன்னாடி 3,400 இருந்துச்சு, 2023-ல மண்டபத்துல முதலமைச்சர் மீனவர் மாநாடு வச்சப்ப கூட்டினாவ. ஒரு நாளு கணவா மீன் தேடி ஆழத்துக்குப் போய் வந்தா எங்க ரெண்டு எஞ்சின் 60, 70 லிட்டர் குடிக்கும். வருஷத்துல எத்தனை நாளு அளவு தீரும்னு நீங்களே வகுத்துப் பாருங்க. மிச்சத்துக்கு வெளிய வாங்கணும், வெளிய விலையை நான் இங்க எழுதினா என் வீட்டுக்காரர் கண்ணு கலங்குவாரு. அதுல எஞ்சின் ஸ்டார்ட் பண்ண பெட்ரோல் வேற வேணும், அதுக்கு நானும் உங்களை மாதிரிதான் வரி கட்டுறேன்.

நாலு மீனுக்கு நூறு ரூபா எங்க கைக்கு வரல்ல அண்ணே. ஏலம் எடுக்கவன், ஐஸ்காரன், வண்டிக்காரன், குலசேகரத்துல தலைச்சுமட்டுல விக்கவ எல்லாம் நடுவுல நிக்காங்க.

---

பழைய போர்மேன், தக்கலை (11 நவம்பர் 2025)

ரப்பர்பால் தம்பி, உம்ம வீட்டுல கேஸ் அடுப்பு உண்டா? 2020-ல இருந்து பேங்க்ல சிலிண்டர் மானியம் வர்றது நின்னுபோச்சுன்னு நெனச்சிட்டிருப்பீரு. இந்த ஆகஸ்ட்டுல மத்திய அரசு எண்ணெய் கம்பெனிகளுக்கு 30,000 கோடி ஒதுக்குச்சு, சிலிண்டரை அடக்க விலைக்குக் கீழ வித்த நஷ்டத்துக்கு. 2022-லயும் ஒரு 22,000 கோடி. உம்ம சமையல்கட்டுலயும் அந்த மானியம் எரியுது, பேர் எழுதாம. மானியம்னா கையில காசாத்தான் வரணும்னு இல்ல.

அதே மாதிரி வரியும். 2010-ல நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபா செஸ், அதாவது தனி வரி போட்டாங்க, சுத்தமான மின்சாரத்துக்குச் செலவழிக்கன்னு சொல்லி. 2016-ல அது 400 ரூபா ஆச்சு. 2017-ல ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 மாநிலங்களுக்கு நஷ்டஈடு குடுக்கிற கணக்குக்குப் போயிட்டு. சூரியனுக்குன்னு வாங்கினது சூரியனுக்குப் போகல்ல. இந்த செப்டம்பர்ல செஸ்ஸையே எடுத்துட்டு நிலக்கரி ஜிஎஸ்டியை 5-ல இருந்து 18 ஆக்கிட்டாங்க. வெளிநாட்டு பேனலுக்கு 2022 ஏப்ரல்ல 40 சதவீதம் சுங்கம் போட்டதும், நம்ம நாட்டுல செஞ்ச சோலார் செல், செஞ்ச பேனல் போட்டாத்தான் 78,000 தருவேன்னு சொன்னதும் இதே அரசுதான். கொழுந்தன் கிட்ட சொல்லுங்க தங்கச்சி, கை ரெண்டு இல்ல, ஏழெட்டு இருக்குன்னு.

மாமாவோட பயத்துக்குப் பதில்: மண்ணெண்ணெய் வள்ளத்தோட பதிவுக்கு வர்றது, மீன்வளத்துறை பாக்குது. சோலார் ஈபி கனெக்‌ஷனுக்கு வர்றது. ஒண்ணுக்கும் மத்ததுக்கும் சம்பந்தம் இல்ல. நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க.

---

குழித்துறை–ஹூஸ்டன் (12 நவம்பர் 2025)

தூரத்துல இருந்து ஒரு குறிப்பு. இங்க அமெரிக்காவுல சோலார் போட்டா செலவுல 30 சதவீதம் வரிக் கழிவு. கையில காசு தரமாட்டாங்க, நாம கட்ட வேண்டிய வருமான வரியில அவ்வளவு குறையும். வரியே கட்டத் தேவையில்லாத வயசானவங்களுக்கு அதனால பிரயோஜனம் இல்ல. குளச்சல் அக்கா இங்க இருந்திருந்தா ஒரு டாலர் கிடைச்சிருக்காதுன்னு நெனைக்கிறேன். அந்த விதத்துல நம்ம ஊரு முறை மேல்.

அந்தக் கழிவும் இந்த டிசம்பர் 31-ஓட முடியுது, ஜூலை 4-ல கையெழுத்தான சட்டத்துல வெட்டிட்டாங்க. 2034 வரைக்கும் இருக்கும்னு 2022-ல சொன்னது. எங்க தெருவுல இப்ப நாலு வீட்டுல ஏணி சாத்தியிருக்கு, ஆரல்வாய்மொழி அண்ணன் சொன்ன செப்டம்பர் மாதிரியே. எண்ணெய்க் கிணறு தோண்டுற செலவை முதல் வருஷமே கழிக்கிற சலுகை மட்டும் 1913-ல இருந்து இருக்கு. அதுக்கு முடிவு தேதி கிடையாது. நான் வேலை பாக்குறதும் எண்ணெய் கம்பெனியிலதான், அதனால இதோட நிறுத்திக்கிறேன்.

---

பழைய போர்மேன், தக்கலை (13 நவம்பர் 2025)

தங்கச்சி, ராத்திரி உக்காந்து உங்க கணக்கைப் போட்டுப் பாத்தேன். என் பேத்தி கால்குலேட்டர் தந்தா.

ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட்னு வைப்போம். நமக்கு ரெண்டு மழை, ஆடியிலயும் ஐப்பசியிலயும் அது 3-க்கும் போவும், பங்குனியில அஞ்சும் தொடும். ரெண்டு மாசத்துக்கு 240.

கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். மகள் எப்ப போறா?

வருஷம் பூரா 560 ஓடினா, 2 கிலோவாட் 480 உண்டாக்கும், மிச்சம் 80, பில் பூஜ்யம். வருஷத்துக்கு 15,588 ரூபா மிச்சம். 2 கிலோவாட்டுக்கு 1,35,000 ஆகும்னு வைங்க, மானியம் 60,000 போக 75,000. அஞ்சு வருஷத்துக்குள்ள வசூல். அந்தப் பையன் சொல்ற 3 கிலோவாட்டுல பில் அதே பூஜ்யம்தான், ஆனா கைக்காசு 1,17,000. ஏழரை வருஷம். மூணாவது கிலோவாட்ல வர்ற யூனிட் அடுத்த பில்லுக்கு வரவு நிக்கும், தீர ஆளு வேணும்லா.

மகள் போய் நீங்க பழைய 380-க்கு வந்துட்டா? உங்க பில் 1,081 ரூபாதான். வருஷத்துக்கே 6,486. 2 கிலோவாட் வசூலாக பதினொண்ணரை வருஷம். 3 கிலோவாட்டுக்கு 18 வருஷம். பேரன் ஓட்டுப் போடுத வயசுக்கு வந்துருவான்.

அப்ப ஒரு கிலோவாட் போட்டா என்னன்னு பாத்தேன். 380-ல 240 போக 140. இலவசம் 100, மிச்சம் 40 யூனிட் 2.35 வீதம் 94 ரூபா. 1,081 கட்டுற இடத்துல 94! மானியம் 30,000 போக கைக்காசு 50,000 ஆனாலும் எட்டரை வருஷம். முதல் கிலோவாட்தான் விலை கூடுன யூனிட்டைத் தின்னும். ரெண்டாவது தின்னுறது ஏற்கெனவே மாநில அரசு இலவசமாவும் 2.35-க்கும் தாற யூனிட்டை. ஒரு மானியம் இன்னொரு மானியத்தை வேண்டாத பொருளா ஆக்கிட்டு. 200 யூனிட்டுக்குள்ள இருக்க வீட்டுல பில்லே 235 ரூபாதான், அவங்க சோலார் பக்கம் திரும்பிப் பாப்பாங்களா? வாரியத்துக்காரன் நான், வெளிய சொல்லக்கூடாது, ஆனா நம்ம மாவட்டத்துல பாதி மாடி காலியாக் கிடக்கது அதனாலதான்னு எனக்குத் தோணுது.

ஆனா ஒரு கிலோவாட் போட்டுத்தர எவனும் லேசுல வரமாட்டான். அவனுக்கு ஆள்கூலி ஒண்ணுதான், லாபம் குறைவு. கேட்டுப் பாருங்க.

---

காத்தாடிக்காரன், ஆரல்வாய்மொழி (13 நவம்பர் 2025)

போர்மேன் அண்ணே, நாங்க 22 வருஷம் மிஷின் மேல ஏறுனோம், ஒரு முதலாளியும் எங்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினதில்ல.

---

ரப்பர்பால், குலசேகரம் (14 நவம்பர் 2025)

சேச்சி, மீன் விஷயத்துல வாய் கூடிப் போச்சு. என் வீட்டு பில் 180 யூனிட்டுக்கு 188 ரூபா. போர்மேன் சொன்னப்புறம் பில்லை எடுத்து கீழ சின்ன எழுத்தைப் பாத்தேன். அரசு மானியம்னு ஒரு தொகை இருக்கு. எத்தனைன்னு இங்க எழுதமாட்டேன், கேலி பண்ணுவீங்க. ஆனா பெட்ரோல் வரி பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கல.

---

வள்ளக்காரன் வீட்டம்மா, குளச்சல் (22 நவம்பர் 2025)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுதேன்.

அந்தப் பையன் திரும்ப வந்தான். கொட்டேஷனைக் கேட்டு வாங்கிப் பாத்தா தேதி நவம்பர், ஜிஎஸ்டி 13.8. "இது என்ன மக்ளே, செப்டம்பர்ல குறைஞ்சுட்டுல்லா"ன்னு கேட்டேன். போனை எடுத்து வெளிய போயி பேசிட்டு வந்தான், 8,000 குறைச்சிருவோம்னான். செக் தரமாட்டேன்னேன். ஒரு கிலோவாட் போடுவியான்னு கேட்டேன். அதுக்கு அவன் பாத்த பார்வை இருக்கே, ஒரு கூடை மீன்ல ஒரு சாளை மட்டும் கேட்ட மாதிரி. அப்புறம் ஆளு வரல்ல. திங்கள்சந்தையில ஒருத்தர் ஒரு கிலோவாட் போடுவாருன்னு சொன்னாவ, கம்பி துத்தநாகத்துல முக்கினது போடணும்னு சொல்லிவிட்டிருக்கேன். விலை இன்னும் சொல்லல.

பேரு மாத்த வாரிசு சான்றிதழ், மாமா கையெழுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து எல்லாம் வேணும். மாமா போட்டுட்டாரு, மண்ணெண்ணெய்க்கு ஒண்ணும் ஆகாதுன்னு மூணு தடவை கேட்டதுக்கு அப்புறம். இவரு கடலுக்குப் போயி ஆறு நாளாச்சு, வரட்டும்.

மக பொங்கல் கழிஞ்சு போறேங்குறா. மருமகன் வீட்டுல ஏசி இல்ல, அதனால பிள்ளையைத் தூக்கிட்டு கோடையில திரும்ப வருவான்னு எனக்குத் தெரியும். போர்மேன் அண்ணன் கேட்ட கேள்விக்கு என்கிட்ட நேரான பதில் இல்ல.

காலையில மீட்டரைப் போய்ப் பாத்தேன். 412 ஆச்சு. நாளுக்கு எட்டரை வீதம் போகுது. ரீடிங் எடுக்க வர இன்னும் 12 நாள் கிடக்கு. கூட்டிப் பாத்தா 514 வருது. அந்தப் பதினாலு யூனிட்டுக்கு நானூறு ரூபா. இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நானே ஏசியை அணைச்சிட்டு பேரனுக்கு விசிறியால வீசப் போறேன்.